கட்டுக்குள் வராத காகிதங்கள்

“சார், உள்ளே யாரையாவது தெரியுமா?”

அரசுத் தரப்பில் இருந்துவிட்டு எதிரித் தரப்புக்கு வந்த வக்கீலிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத கட்சிக்காரர் அரிது. நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் மைத்துனரை விட்டுக் கேட்கச் சொல்வார். மைத்துனர் என் குமாஸ்தாவிடம் கேட்பார். குமாஸ்தா என்னிடம் வந்து, “அவங்க ஏதோ எதிர்பார்க்கிறாங்க சார்” என்று தலையைச் சொறிவார். உள்ளே எனக்கு ஆட்களைத் தெரியும்தான். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம், கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவோம். நடப்பில் உள்ள வழக்கைப் பற்றி அவர்களில் ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டேன். திறந்தால் கேடு என் கட்சிக்காரருக்குத்தான். அவர் கொடுக்கும் ஃபீஸ் வேறொன்றுக்கு. ஒரு வழக்குக் கட்டு எப்படிக் கோக்கப்படுகிறது, கோக்கும்போது எந்தக் காகிதம் வெளியே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் நான் போட்ட முதல் அது ஒன்றுதான்.

சென்னையில் மத்தியப் புலனாய்வு அமைப்பு ஒன்றுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் இருந்தேன். உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறப்பு நீதிமன்றம், எழும்பூரில் பொருளாதாரக் குற்றங்களுக்கான நீதிமன்றம், இரண்டுக்கும் நடுவே ஆட்டோ என்று ஓடிய காலம். வங்கி மோசடி, லஞ்சம், வருமானத்துக்கு மீறிய சொத்து, சுங்க வரி ஏய்ப்பு. கொலை வழக்கில் அரிவாளை எடுத்து மேசையில் வைத்தால் கோர்ட் ஹாலே நிமிர்ந்து உட்காரும். எங்கள் வழக்கில் மேசைக்கு வருவது லெட்ஜர். காலை பத்தரைக்கு ஒரு வங்கி அதிகாரி கூண்டேறி, “இது என் கையெழுத்து, இது அன்றைய மேலாளர் கையெழுத்து” என்று சொல்ல ஆரம்பித்தால் மதியம் வரை சான்றாவணங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டே இருப்போம். நிருபர்கள் எழுந்து போய்விடுவார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த நம்பர்களில்தான்.

அரசு வழக்கறிஞர் பேனலில் என் காலம் முடிந்து தம்பு செட்டித் தெருவில் சொந்தமாக அறை போட்டபோது, “கட்சி மாறிட்டீங்களாமே” என்று பார் அசோசியேஷனில் கேலி செய்தார்கள். மாறலாம், விதி அனுமதிக்கிறது. ஒரே ஒரு கதவு மட்டும் மூடியிருக்கும். ஒரு தரப்புக்கு ஆஜரானவர், ஆலோசனை சொன்னவர், அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் நடத்தை விதி சொல்கிறது. அதனால் யார் வந்தாலும் கதையைக் கேட்பதற்கு முன் எஃப்.ஐ.ஆர். நம்பரைக் கேட்பேன். நான் ஒருநாள் கருத்துரை எழுதிய கோப்பாக இருந்தாலும் எழுந்து கைகூப்பிவிட வேண்டியதுதான். நல்ல ஃபீஸ் வரக்கூடிய சில வழக்குகள் அப்படிப் போயிருக்கின்றன.

அந்தப் பக்கத்தில் கட்டு உருவாகும் விதத்தைச் சொல்கிறேன். சோதனை போட்டு மூட்டை மூட்டையாகக் காகிதம் வரும். விசாரணை அதிகாரி, ஐ.ஓ. என்போம், அதைப் படித்துப் பிரிப்பார். குற்றத்தைக் காட்டுகிற காகிதங்களுக்கு ‘டி-1’, ‘டி-2’ என்று வரிசை எண் விழும். சாட்சிகளுக்கும் ஒரு வரிசை. மீதிக் காகிதம் ‘சார்ந்திராத ஆவணங்கள்’ என்ற பெயரில் தனி மூட்டையாகக் கட்டப்பட்டு அலமாரிக்குப் போகும். இதில் சதி எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களையும் நீதிமன்றத்தில் கொட்டினால் எந்த நீதிபதிக்கும் படிக்க நேரம் கிடையாது. ஆனால் பிரிக்கிறவருக்கு அந்த நேரத்தில் மனதில் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைக்கு உதவாத காகிதம் அவர் கண்ணில் வேண்டாத காகிதமாகத்தான் படும். கெட்ட எண்ணமே இல்லாமல் ஒரு மனிதனின் விடுதலை அலமாரிக்குப் போய்விடலாம்.

இன்னொரு முடிவும் அந்தக் கட்டத்தில் எடுக்கப்படுகிறது. யார் எதிரி, யார் சாட்சி? ஒரு வங்கிக் கடன் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். மனுவை வாங்கிய அதிகாரி, களஆய்வுக்குப் போனவர், சொத்துக்கு விலை போட்ட மதிப்பீட்டாளர், மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்துக் கருத்துரை கொடுத்த வங்கியின் பேனல் வக்கீல், குறிப்பு எழுதிய கடன் அதிகாரி, பரிந்துரைத்த கிளை மேலாளர், ஒப்புதல் கொடுத்த மண்டல அலுவலகம், பணத்தை விடுவித்தவர். கடன் வாராக்கடனாகி, பத்திரம் போலி என்று தெரியவந்தால் இத்தனை பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரையும் எதிரியாக்கினால் கையெழுத்தை அடையாளம் காட்டக் கூண்டேறுவது யார்? ஆகவே வரிசையை எங்கோ வெட்ட வேண்டும். வெட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர் முதல் எதிரி, இரண்டாம் எதிரி. அந்தப் பக்கம் நின்றவர் அரசுத் தரப்புச் சாட்சி. பயணப்படி வாங்கிக்கொண்டு மாலை ரயிலுக்கு ஊர் திரும்புவார்.

பேனல் வக்கீல்கள் இந்த வெட்டில் அடிக்கடி மாட்டினார்கள். போலிப் பத்திரத்தை நல்ல பத்திரம் என்று கருத்துரை கொடுத்தாலே கூட்டுச்சதி என்று வழக்குப் பாய்ந்தது. ஹைதராபாத் வங்கிக் கிளை ஒன்றின் வழக்கில், நாராயண ராவ் என்ற வழக்கறிஞர் தொடர்பாக 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துரை தப்பாக இருந்தது என்பதாலேயே வக்கீல் குற்றவாளி ஆகிவிட மாட்டார், மற்றவர்களோடு சேர்ந்து வங்கியை ஏமாற்ற நினைத்தார் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பல வக்கீல்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கிளை மேலாளர்களுக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் நான் அதிகம் ஆஜராகிறேன்.

அப்படி ஒருவர். மேற்கு மாவட்டம் ஒன்றில் கிளை மேலாளராக இருந்தவர். ஓய்வு பெறும் நாளில் மாலை போட வேண்டிய கையால் இடைநீக்க உத்தரவைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் எதிரி. ஒரு நூல் வியாபார நிறுவனத்துக்குக் களஆய்வு முடியும் முன்பே கடனை விடுவித்தார் என்பது குற்றச்சாட்டு. என் அறைக்கு மனைவியோடு வந்தார். அவர் பேசவே இல்லை. அந்த அம்மாதான் பேசினார்கள். “இவர் ஒரு ரூபாய் வாங்கலைங்க. வாங்கியிருந்தா வீட்டுக் கடன் இன்னும் ஏன் ஓடுது?” ஒவ்வொரு குடும்பமும் சொல்வது இது. பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். சட்டத்தில் அது எதையும் நிரூபிக்காது.

குற்றப்பத்திரிகையோடு வந்த நகல்களில் கடன் குறிப்புக் கோப்பு இருந்தது. அரசுத் தரப்பில் இருந்த காலத்திலேயே எனக்கு ஒரு பழக்கம்: ஆவணத்தைச் சான்றாகக் குறியிடும் முன் பக்க எண்களை எண்ணிப் பார்ப்பேன், எதிர்த்தரப்பு வக்கீல் அதில் கை வைப்பார் என்பதால். இங்கேயும் எண்ணினேன். வலது மூலையில் பென்சிலில் போட்ட எண்கள் பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குத் தாவின. மேலாளரிடம் கேட்டேன். “அது மண்டல ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்த ஷீட் சார். அதுல என்ன எழுதியிருந்ததுன்னு இப்ப ஞாபகம் இல்ல” என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேலதிகாரியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று முப்பது வருட வங்கி வேலை அவரைப் பழக்கியிருந்தது.

அந்தப் பக்கத்தை வரவழைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் மனு போட்டோம். அரசுத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. என் பழைய வாதங்களையே என் மேல் வீசினார் அந்த இளம் வக்கீல், நன்றாகத்தான் வீசினார். கடைசியில் சார்ந்திராத ஆவணங்களைப் பார்வையிட நீதிபதி அனுமதித்தார். தூசி தட்டிய மூட்டையில் பதினான்காம் பக்கம் இருந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி. கிளையோடு பேசிவிட்டதாகவும், ஆய்வறிக்கை பின்னால் வரட்டும், தொகையை இன்றே விடுவிக்கவும் என்றும் மண்டல அலுவலக அதிகாரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அந்த அதிகாரி அரசுத் தரப்புச் சாட்சி.

பச்சை மைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணைக்கு எழுந்திருப்பது ஒரு சுகம். ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் காட்டினால் வீணாகிவிடும். சாட்சி, “அவசரத்தில் எழுதினேன், கிளை மேலாளர் கேட்டதால் எழுதினேன்” என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார். முதலில் எல்லா வாசலையும் சாத்த வேண்டும். ஆய்வு இல்லாமல் பணம் விடுவது விதிமீறல்தானே? ஆமாம். மண்டல அலுவலகம் அப்படி ஒருபோதும் சொல்லாது? சொல்லாது. இந்தக் கடன் பற்றி நீங்கள் கிளையோடு தொலைபேசியில் பேசியதுண்டா? இல்லை. நீதிபதி இந்தப் பதில்களைப் பதிவுசெய்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அந்தப் பக்கத்தைச் சாட்சியிடம் நீட்டினேன். கையெழுத்து உங்களுடையதா? அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பதிலுக்காக நீதிமன்றம் அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேலாளர் விடுதலையானார், கடன் வாங்கியவர் தண்டிக்கப்பட்டார். ஆனால் துறை விசாரணை தனி வழி. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலே போதும். அதன் பேரில் பணிநீக்கம் ஆகியிருந்தார். ஓய்வூதியத்துக்காக இன்னொரு வக்கீலை வைத்து ரிட் மனு போட வேண்டி வந்தது.

இந்தப் பதினான்காம் பக்கத்தைப் போன்றவை எத்தனை அலமாரியில் கிடக்கின்றனவோ என்ற எண்ணம் எனக்கு மட்டும் வந்ததல்ல. நீண்ட காலம் சட்டம் இதில் கறாராக இருந்தது. அரசுத் தரப்பு எதை நம்பி வழக்குப் போடுகிறதோ அதன் நகலைத்தான் 207-ஆம் பிரிவு எதிரிக்குத் தரச் சொன்னது. குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் எதிரி தன் ஆவணத்தைக் காட்டி, “இதையும் பாருங்கள்” என்று கேட்க முடியாது என்று தேவேந்திரநாத் பாதி வழக்கில் 2004 இறுதியில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. கிரிமினல் வக்கீல் எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வழக்கின் பெயரைச் சொல்வார். பல மனுக்கள் அந்தப் பெயரில் தலைகுப்புற விழுந்தன. அமெரிக்காவில் 1963-லேயே, பிரேடி வழக்கில், எதிரிக்குச் சாதகமான சான்றை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நாம் மெதுவாக வந்தோம். 2021 ஏப்ரலில், கிரிமினல் விசாரணைக் குறைபாடுகளைத் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கில், சார்ந்திராத ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2025 மே மாதம் சர்ளா குப்தா வழக்கில் வந்தது. பட்டியல்தான் வரும். பட்டியலில் ‘இதர கடிதங்கள் – ஒரு கட்டு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று ஊகித்து மனு போடுவதில்தான் என் நாள்களில் பாதி போகிறது.

அரசு வழக்கறிஞர் எப்படியாவது தண்டனை வாங்கித் தரத் துடிப்பவராக இருக்கக் கூடாது, எதிரிக்குச் சேர வேண்டிய நன்மை ஏதேனும் இருந்தால் அதை அவரே எடுத்துக் காட்ட வேண்டும் என்று 1999-ல் சிவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியது. என் சீனியர் அதைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே கடைப்பிடித்தவர். “நமக்குக் கட்சிக்காரன் கிடையாதுப்பா. அரசாங்கம் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் நம்ம கவலை இல்ல” என்பார். இன்று பேனல் புதுப்பிக்கப்படும்போது தண்டனை விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு வந்தபின் அவரைப் போல ஒருவர் உருவாவது கஷ்டம் என்பது என் கருத்து. மறுப்பவர்களும் உண்டு.

வங்கி வழக்கு இப்படியென்றால், வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கு முழுக்க முழுக்கக் கூட்டல் கழித்தல். எனக்கு மிகவும் பிடித்த வகை இது, கட்சிக்காரர்களிடம் சொல்வதில்லை. நான்கு பட்டியல்கள். வழக்குக் காலம் தொடங்கும்போது இருந்த சொத்து முதல் பட்டியல், முடியும்போது இருந்த சொத்து இரண்டாவது, இடையில் வந்த வருமானம் மூன்றாவது, செய்த செலவு நான்காவது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, செலவைக் கூட்டி, வருமானத்தைக் கழித்தால் மிஞ்சுவது குற்றம். வீட்டுச் செலவுக்கு ரசீது இருக்காது என்பதால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போனதாக எடுத்துக்கொள்வது நடைமுறை. என் பழைய தரப்பு மூன்றாவது பட்டியலைச் சுருக்கப் பார்க்கும். என் புதிய தரப்பு அதைப் பெருக்கப் பார்க்கும்.

பெருக்குவதற்கு வீட்டிலிருந்து என்னென்னவோ வரும். மகள் கல்யாணத்து மொய் நோட்டு வரும். ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், தொகை என்று கோணல் கையெழுத்தில் நூற்றுக்கணக்கான வரிகள். அதை நான் ஆசையோடு படிப்பேன். அரசுத் தரப்பில் இருந்தபோது அத்தகைய நோட்டுகளின் மையை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதித்திருக்கிறேன். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் சோதனைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதியது. உண்மையான மொய் நோட்டில் நடுவில் ஆள் மாறும், பேனா மாறும், சாம்பார் கறை இருக்கும், யாரோ ஒருவர் தொகையில் சண்டை போட்டு அடித்துத் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தத்தைக் காட்டித்தான் ஒருமுறை முழு நோட்டையும் நீதிபதியை நம்பவைத்தேன். விவசாய வருமானம் என்றால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் வேண்டும். நெல் என்று சொன்ன வருடத்தில் அடங்கலில் தரிசு என்று இருந்தால் கதை முடிந்தது. சோதனைக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கைக் கொண்டுவருவார்கள். அது பணத்துக்கு வரி கட்டியதைக் காட்டும், பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. நகைக்கு மட்டும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. மணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250, ஆணிடம் 100 கிராம் வரை சோதனையில் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994-ல் நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியது. வருமான வரிச் சோதனைக்குச் சொன்னதுதான், ஆனாலும் ஒரு சாதாரணக் குடும்பத்தில் அவ்வளவு நகை இருப்பது இயல்பு என்று வாதிட அது கைகொடுக்கும்.

இந்தக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், மீறிய சொத்து 8.12 சதவீதம்தான், கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கின்படி பத்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி நால்வரையும் விடுவித்தது. தீர்ப்பில் வங்கிக் கடன்களின் பட்டியல் ஒன்று இருந்தது. கீழே கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆச்சார்யா அதைச் சுட்டிக்காட்டிய அன்று எங்கள் நீதிமன்ற வளாகத்தில் ஒவ்வொரு வக்கீலின் கையிலும் கால்குலேட்டர் இருந்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. ஜெயலலிதா அதற்குள் இறந்திருந்தார். அன்றிலிருந்து என் ஜூனியர்கள் எந்தத் தீர்ப்பைப் படித்தாலும் முதலில் கூட்டுத்தொகையைச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம்.

இந்த வழக்குகளில் மனைவியும் எதிரியாவார். வீடு அவர் பெயரில் இருக்கும், வங்கி லாக்கர் அவர் பெயரில் இருக்கும். அரசு ஊழியர் அல்லாதவர் மேல் இந்தக் குற்றத்துக்கு உடந்தை என்று வழக்குப் போடலாமா என்ற கேள்வியே தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். நல்லம்மாள் வழக்கில், 1999-ல், போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் கணவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட பெண்கள் பலரைக் கோர்ட் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். வாய்தாவுக்கு வாய்தா வருவார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வழக்கு வந்த பிறகுதான் அவர்களில் சிலர் முதல்முறை கேட்டார்கள்.

பணமோசடித் தடுப்புச் சட்டம் வந்தபின் எங்கள் வேலையின் நேரமே மாறிவிட்டது. சட்டம் 2005 ஜூலையிலிருந்தே நடைமுறையில் இருந்தாலும் அதன் பல்லை எல்லோரும் பார்த்தது பிந்தைய பத்தாண்டில்தான். முன்பெல்லாம் வழக்கு நீதிமன்றத்தில் தொடங்கும். இப்போது அமலாக்கத் துறையின் சம்மன் வரும் நாளில் தொடங்குகிறது. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அமலாக்கத் துறை அதிகாரி போலீஸ் இல்லை, 50-ஆம் பிரிவில் அவரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்று 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீனுக்கு இரட்டை நிபந்தனை: எதிரி குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது என நீதிபதி திருப்தி அடைய வேண்டும், வெளியே வந்தால் குற்றம் செய்ய மாட்டார் என்றும் திருப்தி அடைய வேண்டும். 2017-ல் ரத்தான நிபந்தனை, 2018 திருத்தத்தில் உயிர்பெற்று, 2022-ல் உறுதியானது.

ஆகவே சம்மனோடு ஓடிவருகிற தொழிலதிபருக்கு நான் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பது. அவர்களில் பலர் பேச்சுத் திறமையால் முன்னுக்கு வந்தவர்கள். “நான் போய் விளக்கிட்டா புரிஞ்சுக்குவாங்க சார்” என்பார்கள். விளக்கிய ஒவ்வொரு வாக்கியமும் காகிதத்தில் ஏறும்; மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் நான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள், ஊகிக்காதீர்கள், ஆவணம் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஆவணம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். பொய்யைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்; அதுதான் பல வருடம் என் சம்பளம். கணக்கு முடக்கப்பட்டுவிட்டால் என் ஃபீஸுக்கே வழியிருக்காது என்பது தனிக் கதை.

நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றைத் தளர்த்தியும் வருகின்றன. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில் வந்தது. கைதாகிப் பதினைந்து மாதம் கழித்து, 2024 செப்டம்பர் 26 அன்று, செந்தில் பாலாஜிக்கு ஜாமீன் கொடுத்தபோது, ஜாமீனுக்குக் கடும் நிபந்தனையும் விசாரணையில் தாமதமும் சேர்ந்தே போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. அந்த வரியை அதற்குப் பிறகு எங்கள் மனுக்களில் காணாத நாளில்லை. வங்கிகளிலும் ஒரு மாற்றம்: கடன் கணக்கை மோசடி என்று முத்திரை குத்துமுன் கடன்தாரரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் ராஜேஷ் அகர்வால் வழக்கில் தீர்ப்பானது, மறு ஆண்டு ரிசர்வ் வங்கி அதற்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் தரச் சொல்லி விதியைத் திருத்தியது. அந்த 21 நாளில் எழுதும் பதில்தான் இன்று ஒரு வங்கி வழக்கின் மிக முக்கியமான ஆவணம். அதைக் கணக்குப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லி அனுப்பிவிட்டு, எஃப்.ஐ.ஆர். வந்தபின் என்னிடம் வருபவர்களைக் கண்டால் கோபம் வரும்.

“குற்றம் செஞ்சவனுக்காக எப்படி சார் ஆஜராகிறீங்க?” என்று உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள். கொலைகாரனுக்கு ஆஜராகும் நண்பரிடம் இவ்வளவு உரிமையோடு கேட்பதில்லை. பணம் திருடியவன் மேல்தான் நம் நடுத்தர வர்க்கத்துக்கு அதிகக் கோபம். பதில் சிக்கலானது இல்லை. செய்தவரும் எதைச் செய்தாரோ அதற்குத்தான் தண்டிக்கப்பட வேண்டும். லஞ்சம் வாங்கிய ஒரு அதிகாரிக்கு நான் ஆஜரானேன். ரசாயனப் பொடி தடவிய நோட்டைத் தொட்ட கையைக் கழுவிய கரைசல் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. பொறிவைப்புச் சாட்சிகள் இருவரும் பிறழவில்லை. அதைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் அதே குற்றப்பத்திரிகையில், அவர் பதவியில் இருந்த காலத்தில் போன கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய சதி ஒன்றும் வனையப்பட்டிருந்தது. அவற்றில் பாதிக் கோப்புகள் போன தேதிகளில் அவர் வேறு மாவட்டத்தில் தேர்தல் பணியில் இருந்தார். அந்தப் பணி ஆணையும் பயணப்படிப் பட்டியலும் கட்டில் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் கேட்டு வாங்கினோம்.

சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை, லஞ்சக் குற்றச்சாட்டில் தண்டனை. 2014-க்கு முந்தைய குற்றம் என்பதால் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதம். இன்று நடந்திருந்தால் மூன்று ஆண்டு. தீர்ப்பைக் கேட்டதும் அவர் என்னிடம், “நீங்க அந்தப் பக்கம் இருந்திருந்தா சார்?” என்றார். லஞ்சத்துக்கு மட்டும் குற்றப்பத்திரிகை போடச் சொல்லிக் கருத்துரை எழுதியிருப்பேன், வழக்கு இரண்டே வருடத்தில் முடிந்திருக்கும் என்றேன். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் எண்ணாகிவிட்டது. இன்னும் பட்டியலுக்கு வரவில்லை.